ஒன்பதாவது வெட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெஷின் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் ஒரு ஜாடியை முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்து மூன்றாவதன் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன். என்னுடையது பக்கத்து மேஜை. சூப்பர்வைசர் சார் என்னைத் திட்டவேண்டும் என்றால் முதலில் அவளைப் பாராட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடும் வாழை விதை போட்டு முளைப்பதில்லை. நல்ல தாய்மரத்தின் பக்கக் கன்றைத் தோண்டி எடுத்து, மட்டையை உரித்துக்கொண்டே போனால் உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு குருத்து இருக்கும். அதைக் கிருமி போகக் கழுவி, சர்க்கரையும் சத்தும் கலந்த ஜெல்லியின் மேல், கண்ணாடி ஜாடியில் வைப்போம். சில வாரத்தில் அது கொத்தாகத் துளிர்க்கும். கத்தியை நெருப்பில் காட்டி, கொத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு புது ஜாடி கொடுப்போம். அதுவும் துளிர்த்ததும் மறுபடி வெட்டு. இப்படிப் பெருகினதையெல்லாம் கடைசியில் வேர்விட வைத்து, நிழல்கூடாரத்தில் பழக்கி, சின்னப் பைகளில் விவசாயிகளுக்கு அனுப்புவார்கள். முகமூடி போடவேண்டும், வளையல் கூடாது, பேச்சுக் கூடாது. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

சுவரில் இன்னொரு விதியும் ஒட்டியிருந்தது. எட்டு வெட்டுக்கு மேல் போகக்கூடாது. எட்டு முறை வெட்டினதும் அந்த வரிசை ஜாடிகளை மொத்தமாக ஆவியில் வேகவைத்துக் கொட்டிவிட்டு, தோட்டத்திலிருந்து புதுக் கன்று எடுத்து முதலில் இருந்து ஆரம்பிக்கவேண்டும். ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வளையல் கூடாது என்பதுபோல இதுவும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டோம். படித்தவர்கள் விதியைச் சுவரில் ஒட்டுவார்கள், காரணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். இந்த வழக்கம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

அந்த முறை புதுக் கன்றுகளுக்கு என்ன வந்ததோ, வைத்த குருத்தெல்லாம் கறுத்துப்போயின. கறுக்காததில் பூஞ்சை வந்தது. கன்று கேட்டு வந்த விவசாயிகளோ வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் எட்டு வெட்டு முடிந்த பழைய வரிசை ஜாடிகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. அவற்றை வேகவைக்கும் வேலை மெஷினிடம் வந்தது. அவள் தூக்கிக்கொண்டு போனாள், பாதி வழியில் நின்றாள், திரும்பி வந்து கறுத்துப்போன ஜாடிகளை வேகவைத்தாள். பச்சையாக இருந்ததைப் புதுக் கன்று ஜாடிகள் இருக்கவேண்டிய தட்டில் அடுக்கிவிட்டாள். அப்புறம் ஒன்பதாவது வெட்டு, பத்தாவது வெட்டு என்று அது பாட்டுக்குப் போனது. யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சார் கைதட்டினார். மெஷின் கை பட்டால் செத்த குருத்தும் பிழைக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "உயிரோட நல்லா இருக்கறதை எப்படிடி கொதிக்கிற ஆவியில போடுறது?" என்று பின்னால் என்னிடம் கேட்டாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரு தம்பி. பஸ் ஓட்டுகிறவன். அக்கா சொன்னால் அவனுக்கு அதற்குமேல் பேச்சில்லை. அவன் மனைவிதான் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் வாழை போடலாம் என்று யோசனை சொன்னவள். கல் பொறுக்கியதும் குழி வெட்டியதும் அவளே. மெஷின் பெருமையாகக் கன்றுகளை அனுப்பிவைத்தாள். "எல்லாம் நானே என் கையால வெட்டினது. ஒரே அச்சுல வார்த்த மாதிரி வரும் பாரு" என்று தம்பியிடம் சொல்லியும் வைத்தாள். அந்தச் செடிகள் நிலத்தில் வேர் பிடித்து முழங்கால் உயரம் வந்த சமயத்தில்தான் எங்களுக்கு வகுப்பு ஆரம்பமானது.

வெளியிலிருந்து யாரோ சோதனைக்கு வரப்போகிறார்களாம். வேலை செய்கிறவர்களுக்கு அடிப்படையாவது தெரிந்திருக்கவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள், சாப்பாட்டு அறையில் மேஜையைத் துடைத்துவிட்டு உட்காரவைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் கல்லூரி முடித்து நேற்று சேர்ந்த பெண். மேடம் என்றால் வெட்கப்படுவாள், பாப்பா என்றால் கோபப்படுவாள். ஆகவே டீச்சரம்மா என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வகுப்பில் வெங்காயத்தை நசுக்கி, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வடிகட்டி, அதன் மேல் குளிர்ந்த சாராயத்தை மெதுவாக ஊற்றினாள். நடுவில் வெள்ளையாக நூல் நூலாக மிதந்து வந்தது. "இதுதான் டிஎன்ஏ" என்றாள். சளி பிடித்த மூக்கிலிருந்து வருவதுபோல இருக்கிறது என்று நான் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்த நூல் சுருண்டு கிடக்கிறது, இதில் நான்கே நான்கு எழுத்துகள்தான் மாறி மாறி வருகின்றன, செடி எவ்வளவு உயரம் வளரவேண்டும், இலை எப்படி இருக்கவேண்டும் என்பதெல்லாம் இந்த எழுத்து வரிசையில்தான் இருக்கிறது என்றாள். இரண்டாவது வகுப்பு பரம்பரை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. அன்றைக்கு அறையே ரெண்டுபட்டது. அவரவர் பிள்ளையின் சோம்பலும் திமிரும் எந்தப் பக்கத்துப் பாதி என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லார் கணக்கிலும் அது புருஷன் வீட்டுப் பாதியாகவே இருந்தது.

மூன்றாவது வகுப்பில்தான் வந்தது வினை.

"ஒரு செல் ரெண்டாகும்போது இந்த எழுத்தெல்லாம் முதல்ல நகல் எடுக்கப்படும்" என்றாள் டீச்சரம்மா. "ஒரு சமையல் குறிப்பை ஒருத்தர் பார்த்து எழுதி, அதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதி, அப்படியே போகுதுன்னு வெச்சுக்குங்க. எங்கேயோ ஒரு இடத்துல ஒருத்தர் சிட்டிகை உப்புன்னு இருக்கறதைக் கரண்டின்னு எழுதிட்டா?"

"அப்புறம் வர்றவங்க எல்லாம் கரண்டிதான் போடுவாங்க" என்றாள் ஜாடி கழுவுகிற பிரிவு அக்கா.

"அதேதான். செல்லு தன் பிழையைத் தானே சரிபார்க்கும். ஆனாலும் ஒண்ணு ரெண்டு தப்பிச்சிடும். நாம ஜாடியில மருந்து போட்டு அதை வேகவேகமா பெருகச் சொல்றோம். வெட்ட வெட்ட பிழை சேர்ந்துக்கிட்டே போகும். எழுத்து சரியா இருந்தும், எந்த எழுத்தைப் படிக்கணும்ங்கற ஏற்பாடு குழம்பறதும் உண்டு. ஜாடியில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. நிலத்துல வெச்சப்புறம்தான் குட்டையா, இலை அகலமா, நெருக்கமா நிக்கும். குலை சரியா தள்ளாது. அதனாலதான் எட்டு வெட்டோட நிறுத்தறோம்."

எல்லாரும் அப்படியா என்று தலையாட்டினோம். மெஷின் மட்டும் தலையாட்டவில்லை. அன்று பிற்பகல் அவள் கை மந்தமாகப் போனது. நான் அவளை முந்திவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். தோட்டத்தில் கால் வைத்ததுமே கண்ணில் பட்டது. நெட்டையாக எழும்பின செடிகளுக்கு இடையில் அங்கங்கே குட்டையாக, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு சில நின்றன. டீச்சரம்மா சொன்ன அதே லட்சணம். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"பாருக்கா, இவ வளர்த்த அழகை. நீ தங்கமாட்டம் செடி அனுப்பின. இவ தண்ணி விடற நேரத்துல போனைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கா."

"நான் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதாங்க விட்டேன்" என்றாள் மனைவி.

"ஒரே மாதிரி விட்டா ஏன் இப்படி நிக்குது? அக்கா கை வெச்ச செடிடி அது. குறை சொல்லாதே."

மெஷின் தேநீரைக் குடித்தாள். சூடாக இருந்தது, அதையும் ஊதாமல் குடித்தாள். எதுவும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

இதற்காகத்தான் அவள் தன்னை மன்னிக்கமாட்டேன் என்கிறாள். ஜாடியை மாற்றினது விளைவு தெரியாமல் செய்தது. அந்தத் தேநீரைக் குடித்தது தெரிந்தே செய்தது. அடுத்த ஞாயிறும் போனாள், வாய் வரவில்லை. அதற்கடுத்த முறை போனபோது தம்பி தோட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் விட்டுவிட்டு பஸ் எடுக்கப் போகிறான். மனைவியைத் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அவள் அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி என்று எப்போதும் ஓடிவருகிறவள் அன்று தலையை மட்டும் அசைத்தாள். இவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அன்றைக்குச் சொல்லிவிட்டாள். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, கொட்டவேண்டிய வரிசையைக் கொட்டாமல் வைத்திருந்தேன், அதிலிருந்து வந்த செடி இது, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சிரித்தான்.

"நீ இருக்கியே, உனக்கு மனசு கேக்காது. அவ திட்டு வாங்கறதைப் பார்த்துட்டு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கற."

"இல்லடா, நிஜமாத்தான்."

"சரி, நிஜம்னே வெச்சுக்குவோம். எல்லாம் ஒரே குருத்துல இருந்து வெட்டினதுதானே? ஒரே அச்சுன்னு நீதானே சொன்ன? அப்படின்னா கெட்டா மொத்தமா கெட்டிருக்கணும். பாதி நல்லா நிக்குது, பாதி குட்டையா நிக்குது. இது செடியோட தப்பா, வளர்த்தவ தப்பா?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவது வகுப்பில் அவ்வளவு தூரம் வரவில்லை. இன்னொரு கூத்து என்னவென்றால், அக்கா தன் மனைவிக்காகப் பொய் சொல்லக்கூட இறங்கிவந்தாளே என்று அவனுக்கு அக்காமேல் மரியாதை கூடிப்போனது. மனைவியிடம் போய், "உன்னால எங்கக்கா பொய் சொல்ற நிலைமைக்கு வந்துட்டாங்க" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினானாம். சொல்லாமல் இருந்தபோது இருந்ததைவிட, சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் தலையில் பாரம் அதிகமாகிவிட்டது.

மறுநாள் மெஷின் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நான் முதலில் அவளைத் திட்டினேன், அப்புறம் அவளுக்காக அழுதேன், அப்புறம் மறுபடியும் திட்டினேன்.

"என்னை அவன் நம்பணும்னா எனக்கு இது முழுசா தெரியணும்டி" என்றாள். தன் தப்பை நிரூபிப்பதற்காக உட்கார்ந்து படித்த ஒருத்தியை நான் அவளைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரமெல்லாம் டீச்சரம்மாவின் பின்னாலேயே அலைந்தாள். ஒரே குருத்திலிருந்து வந்ததில் சிலது மட்டும் ஏன் மாறும்? பிழை ஒரு முளையில் விழுமா, எல்லாவற்றிலும் விழுமா? விழுந்ததைத் தண்ணீர் விட்டோ உரம் போட்டோ சரியாக்க முடியுமா? டீச்சரம்மாவும் சளைக்காமல் சொன்னாள். எதற்கு இவ்வளவு கேட்கிறீர்கள் அக்கா என்று ஒருமுறை கேட்டதற்கு, "தெரிஞ்சுக்கத்தான்" என்றாள் இவள். டீச்சரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். தனியாகப் போனால் மறுபடியும் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

தம்பியை மட்டும் அல்ல, மனைவியையும் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். அவள் படி இறங்கத் தயங்கினாள். "நீ வாம்மா, நீ இல்லாம இது நடக்காது" என்று கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வாய்க்கால் எங்கே ஆரம்பிக்குதுடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"அந்தக் கோடியில."

"தண்ணி பத்தலைன்னா எந்தச் செடி வாடும்?"

"இந்தக் கடைசியில இருக்கறது."

"அப்ப குட்டையெல்லாம் இந்தக் கடைசியிலதானே இருக்கணும்? பார்த்துட்டு வா."

அவன் நடந்தான். கோடியில் முதல் செடி குட்டை, அடுத்தது நெட்டை, அதற்கடுத்து ரெண்டு நெட்டை, பிறகு குட்டை. கடைசிச் செடி எல்லாவற்றையும்விட உயரம். ஒரே குழி அளவு, ஒரே தண்ணீர், பக்கத்துப் பக்கத்துச் செடிகள். திரும்பி வரும்போது அவன் நடை மாறியிருந்தது.

"பிழை மொத்தமா விழாதுடா" என்றாள் மெஷின். "ஜாடிக்குள்ள ஒரு கொத்துல பத்து முளை இருக்கும். அதுல ஒரு முளையில நகல் எடுக்கறப்ப தப்பு விழும். அந்த முளையை வெட்டி நான் பெருக்கினது எல்லாம் அந்தத் தப்போடயே வரும். மத்த முளையில இருந்து வந்தது நல்லா இருக்கும். ரெண்டையும் கலந்துதான் பையில போட்டு உனக்கு அனுப்பினேன். இவ எப்படி வளர்த்தாலும் நல்லது நல்லதாத்தான் நிக்கும், குட்டை குட்டையாத்தான் நிக்கும்."

"மரபணு மாத்தின செடின்னு சொல்றாங்களே, அதுவா இது?" என்றான். பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இல்ல. அது எந்த இடத்துல என்ன மாத்தறோம்னு தெரிஞ்சு, வேணும்னே ஒரு எழுத்து வரிசையைக் கொண்டுபோய் வைக்கறது. வெச்சப்புறம் சரியா இருக்கான்னு சோதிச்சுப் பார்ப்பாங்க. இங்கே யாரும் எதையும் வைக்கல. நிறுத்தவேண்டிய இடத்துல நான் நிறுத்தல. அதுவா மாறிக்கிச்சு. என்ன மாறுச்சுன்னு எனக்கே தெரியாது." அவள் ஒரு குட்டைச் செடியைக் காட்டினாள். "குட்டையைப் பிடுங்கிடு. இப்பவே வேற கன்று வெச்சா இந்தப் பருவம் கைவிட்டுப் போகாது. இன்னும் நாள் போனா வருஷம் பூரா வீணுக்குத் தண்ணி ஊத்துவே. போன மாசமே சொல்லியிருக்கணும். வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

தம்பி ஒரு குட்டைச் செடியின் இலையைத் தூக்கிப் பார்த்தான், விட்டான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வரவேண்டும் என்றுகூட நினைத்தேன். வரவில்லை.

"சரி விடுக்கா" என்றான். "தெரியாம நடந்தது. இதுக்குப் போய் கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு. வா, உள்ளே வந்து சாப்பிடு."

அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எனக்கே அப்பாடா என்று இருந்தது. மெஷின் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். தம்பி மனைவி நகரவில்லை.

"இவங்க பண்ணினதுக்கு 'விடுக்கா'" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நான் பண்ணாததுக்கு ஒரு மாசம்."

அவன் மறுபடி அந்தக் குட்டைச் செடியின் இலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லும்மா" என்றாள் மெஷின். "நான் உன் எதிர்ல உட்கார்ந்து தேநீர் குடிச்சவ."

"உங்களைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது அண்ணி?" அவள் குனிந்து, தடுக்கப்பட்ட இத்தனை நாளில் வாய்க்காலில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள். "இந்த வரிசைச் செடி எங்க வீட்டுக்கு மட்டுமா வந்துச்சு?"

மெஷின் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வண்டி வண்டியாக ஏற்றி அனுப்பினோம். ஏற்றினபோது நானும் தட்டுப் பிடித்தேன். இத்தனை நாள் படித்தாளே, டீச்சரம்மாவைத் துளைத்தெடுத்தாளே, ஒரு தோட்டத்துக்கு மேல் அவளுக்கும் நினைப்புப் போகவில்லை, எனக்கும் போகவில்லை.

"இல்லம்மா" என்றாள். "நிறைய பேருக்குப் போயிருக்கு."

"அங்கெல்லாம் தண்ணி ஊத்தறவங்க யாரோ, அவங்களும் இந்நேரம் திட்டு வாங்கிக்கிட்டுத்தானே இருப்பாங்க? அவங்களுக்கு வந்து சொல்ல ஒரு அண்ணி இருப்பாங்களா?"

சாப்பாடு ஆகவில்லை. மெஷின் செருப்பை மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் சார் வீடு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டாள். நாளைக்கு வேலைக்குப் போய் சொல்லிக்கொள்ளலாமே, இன்றைக்கு விடுமுறை நாளில் எதற்கு, வேலையே போய்விடும் என்று நான் பின்னாலேயே புலம்பிக்கொண்டு போனேன். தம்பி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டாள்.

வாசல்வரை வந்தது தம்பி மனைவிதான். கையில் மண் இருந்தது. போயிட்டு வாங்க என்று வழக்கமாகச் சொல்கிறவள் அன்று அதைச் சொல்லவில்லை.

"சொல்லிட்டு வாங்க அண்ணி" என்றாள்.